பிரிட்டனை விட்டுக் கிளம்பும் முன்: ஓய்வூதியம், வரி, விசா ஆகியவற்றில் எதை முதலில் பார்ப்பது?

2016 ஏப்ரலில் ஓய்வூதிய வயதை எட்டிய இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். அரசு ஓய்வூதியத்துக்கு அடிப்படையான தேசியக் காப்பீட்டுத் தொகையை இருவரும் முப்பத்தைந்து ஆண்டுகள் கட்டியவர்கள். இருவருக்கும் முழு அரசு ஓய்வூதியமாக வாரம் 155.65 பவுண்டு கிடைத்தது. ஒருவர் ஸ்பெயினில் அலிகாந்தே பக்கம் போய்க் குடியேறினார். மற்றவர் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார். 2025-26 நிதியாண்டில் ஸ்பெயினில் இருப்பவருக்கு வாரம் 230.25 பவுண்டு வந்தது. அடிலெய்டில் இருப்பவருக்கு இன்னும் அதே 155.65 தான். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,880 பவுண்டு வித்தியாசம். இந்த இடைவெளி ஒவ்வொரு ஏப்ரலிலும் மேலும் அகலும்.

வெளிநாட்டில் குடியேற நினைக்கும் பிரிட்டிஷ் குடிமக்கள் பலர் முதலில் வீடு பார்க்கிறார்கள். அடுத்து விசா, அதற்கும் பிறகு வரி. ஓய்வூதியத்தைப் பற்றிய கேள்வி கடைசியில்தான் வருகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது. எந்த நாடு என்பதை ஓய்வூதியம் சொல்லட்டும், எந்தத் தேதி என்பதை வரி சொல்லட்டும், வீடு வாங்குவது எல்லாவற்றுக்கும் பிறகு இருக்கட்டும். இங்கே தரப்படும் தொகைகள் 2025-26 நிதியாண்டுக்கு உரியவை. விண்ணப்பிக்கும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: உங்கள் நாடு எந்தப் பட்டியலில் இருக்கிறது?

பிரிட்டனின் அரசு ஓய்வூதியத்தை உலகின் எந்த மூலையிலும் பெறலாம். ஆனால் ஆண்டுதோறும் வரும் உயர்வு எல்லோருக்கும் கிடையாது. சராசரி ஊதிய வளர்ச்சி, விலைவாசி உயர்வு, 2.5 சதவீதம் ஆகிய மூன்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு ஓய்வூதியத்தை உயர்த்துவது பிரிட்டன் அரசின் வழக்கம். இந்த உயர்வு பிரிட்டனில் வசிப்பவர்களுக்கும், ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், நார்வே, சுவிட்சர்லாந்து போன்றவற்றில் வசிப்பவர்களுக்கும், உயர்வுக்கு இடம் தரும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் உள்ள நாடுகளில் வசிப்பவர்களுக்கும் மட்டுமே. அமெரிக்கா, பிலிப்பைன்ஸ், துருக்கி, ஜமைக்கா, பார்படோஸ், மொரிஷியஸ், இஸ்ரேல் ஆகியவை இந்தக் கடைசி வகையில் வருகின்றன.

மறுபக்கம் பாருங்கள்: ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம், மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து. இந்த நாடுகளில் ஓய்வூதியம் முதல் நாளில் எவ்வளவோ, அதே தொகையில் உறைந்துவிடும். பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்து, அங்கே ஆட்களை அனுப்பியும் அங்கிருந்து வரவழைத்தும் பழகிய நாடுகள்தான் இதில் பெரும்பகுதி. கனடாவோடும் நியூசிலாந்தோடும் ஒப்பந்தம் இருந்தும் உயர்வு இல்லை. ஆஸ்திரேலியாவோ இதை எதிர்த்து 2001-இல் ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டது. தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த ஆனெட் கார்சன் தொடுத்த வழக்கு 2005-இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையிலும், 2010-இல் ஸ்ட்ராஸ்பர்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திலும் தோற்றது. இப்போது சுமார் நாலரை லட்சம் பேர் உறைந்த ஓய்வூதியத்தில் வாழ்கிறார்கள். ஒரே தொகையைக் கட்டியவர்களை முகவரி பார்த்துப் பிரிப்பது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் திட்டமிடும்போது சட்டம் இன்று எப்படி இருக்கிறதோ அதை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

லண்டனிலோ லெஸ்டரிலோ உழைத்து ஓய்ந்து சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ திரும்ப நினைக்கும் நம்மவர்களை இந்த விதி நேராகத் தாக்குகிறது. ஒரு சிறு ஆறுதல் உண்டு. உறைந்த நாட்டிலிருந்து பிரிட்டனுக்கு வந்து தங்கும் வாரங்களுக்கு, தகவல் தெரிவித்தால், உயர்ந்த தொகை கிடைக்கும். திரும்பிப் போனதும் பழைய தொகைக்கு இறங்கிவிடும். நிரந்தரமாக பிரிட்டனுக்கோ, உயர்வு உள்ள வேறொரு நாட்டுக்கோ மாறினால் முழு உயர்வும் வந்துவிடும்.

போகிற நாடு உறைந்த பட்டியலில் இருந்தால், போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பேரப்பிள்ளைகள் இருக்கும் ஊருக்குப் போகிறவரை ஏப்ரல் உயர்வைக் காட்டித் தடுக்க முடியாது. இருபது ஆண்டுகளுக்கு ஒரு ரூபாய்கூட உயராத வருமானம் என்று எடுத்துக்கொண்டு, அந்த ஊரின் விலைவாசி ஆண்டுக்கு ஐந்து சதவீதம் ஏறினால் கையில் என்ன மிஞ்சும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்தத் தாள் உங்களுக்கு எந்த ஆலோசகரைவிடவும் அதிகம் சொல்லும்.

இரண்டாம் படி: காப்பீட்டு ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள்

2016 ஏப்ரலில் வந்த புதிய அரசு ஓய்வூதியம் கிடைக்கக் குறைந்தது 10 காப்பீட்டு ஆண்டுகள் தேவை. முழுத் தொகைக்கு 35 ஆண்டுகள். 2016-க்கு முன் நிறுவன ஓய்வூதியத் திட்டத்தின் வழியாகக் குறைந்த காப்பீடு கட்டியவர்களுக்கு அதற்கும் அதிகமான ஆண்டுகள் தேவைப்படலாம். ஓய்வூதிய வயது 66-லிருந்து, 2026 தொடங்கி 2028-க்குள், படிப்படியாக 67 ஆகிறது. அரசின் இணையதளத்தில் உங்கள் காப்பீட்டுப் பதிவையும், எதிர்பார்க்கும் ஓய்வூதியத் தொகையையும் பார்க்கலாம். பிரிட்டன் முகவரியும் கைபேசி எண்ணும் இருக்கும்போதே இந்தக் கணக்கைத் திறந்துவிடுங்கள். வெளிநாட்டுக்குப் போன பிறகு அடையாளத்தை நிரூபிப்பதே பெரும்பாடாகிவிடும்.

விடுபட்ட ஆண்டுகளைப் பணம் கட்டி நிரப்பலாம். பொதுவாகக் கடந்த ஆறு ஆண்டுகள் வரை. மூன்றாம் வகுப்பு எனப்படும், விருப்பப்பட்டுக் கட்டும் காப்பீட்டுத் தொகை 2025-26-இல் வாரம் 17.75 பவுண்டு, அதாவது ஓர் ஆண்டுக்கு 923 பவுண்டு. அப்படி நிரப்பும் ஒவ்வோர் ஆண்டும் ஓய்வூதியத்தில் ஆண்டுக்குச் சுமார் 342 பவுண்டு சேர்க்கிறது. மூன்று ஆண்டுகளுக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். உறைந்த நாட்டில் வாழ்ந்தாலும் இது நல்ல பேரம்தான்.

வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் வாரம் 3.50 பவுண்டு மட்டும் கட்டும் இரண்டாம் வகுப்பு என்றொரு வழி இருந்தது. 2025 நவம்பர் பட்ஜெட் அதை மூடிவிட்டது. 2026 ஏப்ரல் 6 முதல் வெளிநாட்டிலிருந்து அந்த வகுப்பில் கட்ட முடியாது. புதிதாகக் கட்டத் தொடங்குபவர்கள் முன்பு போல மூன்று ஆண்டுகள் பிரிட்டனில் இருந்தாலோ காப்பீடு கட்டியிருந்தாலோ போதாது. பத்து ஆண்டுகள் காட்ட வேண்டும். ஆகவே ஏழெட்டு ஆண்டுகள் மட்டும் வேலை பார்த்துவிட்டுக் கிளம்பும் இளையவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். விமானம் ஏறுவதற்கு முன் அந்தப் பத்தை எட்டுவது எப்படி என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து கட்டுவதற்கான விண்ணப்பம் சி.எஃப்.83.

இன்னொன்று: அரசு ஓய்வூதியம் தானாக வராது, கேட்க வேண்டும். வயது நிறைவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பிலிருந்து சர்வதேச ஓய்வூதிய மையத்திடம் விண்ணப்பிக்கலாம். நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அல்லது பதின்மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று தேர்ந்தெடுக்கலாம். பிறகு அவ்வப்போது வாழ்நாள் சான்றிதழ் படிவம் தபாலில் வரும். சாட்சிக் கையெழுத்தோடு அதைத் திருப்பி அனுப்பாவிட்டால் ஓய்வூதியம் நின்றுவிடும். வீடு மாறினால் முதலில் இவர்களுக்குச் சொல்லுங்கள், பிறகு உறவினர்களுக்குச் சொல்லலாம்.

மூன்றாம் படி: விசா

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியதன் இடைக்காலம் முடிந்த 2020 டிசம்பர் 31 வரை, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தால் ஸ்பெயினிலோ பிரான்சிலோ போய் இருந்துவிட முடிந்தது. இப்போது, தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் பகுதி முழுவதற்கும் சேர்த்து, விசா இல்லாமல் எந்த 180 நாளிலும் 90 நாட்கள்தான். 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதிவாகத் தொடங்கிவிட்டன. முத்திரையை அதிகாரி கவனிக்க மாட்டார் என்ற பழைய நம்பிக்கையில் யாரும் இனி தங்கிவிட வேண்டாம்.

ஸ்பெயினில் ஓய்வுக்காலத்தைக் கழிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது, அங்கே வேலை செய்ய அனுமதி இல்லாத வசிப்பு விசா. அதற்கு ஸ்பெயின் அரசின் ஐப்ரெம் என்ற வருமான அளவுகோலைப் போல நான்கு மடங்கு காட்ட வேண்டும். அதாவது மாதம் 2,400 யூரோ, ஆண்டுக்கு 28,800 யூரோ. கணவனோ மனைவியோ கூட வந்தால் மேலும் 7,200. பிரிட்டனின் முழு அரசு ஓய்வூதியம் 2025-26-இல் ஆண்டுக்குச் சுமார் 11,970 பவுண்டு. தம்பதியர் இருவருக்கும் முழு ஓய்வூதியம் வந்தாலும் இந்த 36,000 யூரோவைத் தொடாது. நிறுவன ஓய்வூதியமோ வாடகையோ சேமிப்போ கூடவே இருந்தாக வேண்டும். வீடு வாங்கினால் விசா தரும் தங்க விசாத் திட்டம் 2025 ஏப்ரல் 3-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதை இன்னும் விற்றுக்கொண்டிருக்கும் பழைய விளம்பரங்களை நம்பாதீர்கள். காவல்துறைச் சான்று, திருமணச் சான்று எல்லாவற்றுக்கும், ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்கு உறுதிசெய்யும் அபோஸ்டில் முத்திரையும், அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பும் தேவை. இதற்கு மாதக்கணக்கில் நேரம் ஒதுக்குங்கள்.

தாய்லாந்து 50 வயது கடந்தவர்களுக்கு ஓய்வு விசா தருகிறது: வங்கியில் எட்டு லட்சம் பாட், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம். இந்தியாவில் ஓய்வு விசா என்று ஒன்று இல்லை. இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களுடைய துணைவருக்கும் ஓ.சி.ஐ. எனப்படும் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டைதான் வழி. அதைக் கொண்டு காலவரையின்றி வசிக்கலாம், வீடு வாங்கலாம். விளைநிலமும் பண்ணை வீடும் வாங்க முடியாது, வாக்குரிமையும் இல்லை. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால், பழைய இந்தியப் பாஸ்போர்ட்டை முறைப்படி ஒப்படைத்துக் குடியுரிமை துறந்த சான்றிதழ் வாங்காதவர்கள் முதலில் அதை முடிக்க வேண்டும். இலங்கை நேர்மாறு. பிரிட்டிஷ் குடியுரிமை எடுத்தபோது இழந்த இலங்கைக் குடியுரிமையை விண்ணப்பித்து மீட்டு, இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். 55 வயது கடந்திருப்பதே அதற்கு ஒரு தகுதி.

நான்காம் படி: வரியில் நீங்கள் எந்த நாட்டுக்காரர்?

இங்கேதான் மிக அதிகமான பேர் சறுக்குகிறார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறிவிட்டால் பிரிட்டன் வரியிலிருந்து வெளியேறிவிட்டோம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2013 ஏப்ரல் முதல் சட்டப்படியான வசிப்புச் சோதனை ஒன்று இருக்கிறது. அது பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை. ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரையிலான நிதியாண்டில் எத்தனை நள்ளிரவுகள் பிரிட்டனில் இருந்தீர்கள், பிரிட்டனோடு எத்தனை பிணைப்புகள் இருக்கின்றன என்று எண்ணுகிறது.

183 நாட்கள் இருந்தால் பேச்சே இல்லை, நீங்கள் வசிப்பாளர். சமீபத்தில் வெளியேறியவர் 16 நாட்களுக்குக் குறைவாக இருந்தால் வசிப்பாளர் அல்ல. நடுவில் உள்ளதைப் பிணைப்புகள் தீர்மானிக்கின்றன: துணைவரோ சிறுவயதுப் பிள்ளையோ பிரிட்டனில் வசிப்பது, தங்குவதற்குத் தயாராக ஒரு வீடு இருப்பது, அங்கே வேலை செய்வது, முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஏதாவது ஒன்றில் 90 நாட்களுக்கு மேல் இருந்தது, வேறெந்த நாட்டையும்விட பிரிட்டனில் அதிக இரவுகள் கழித்தது. 16 முதல் 45 நாட்கள் வரை நான்கு பிணைப்புகள் இருந்தால் வசிப்பாளர் ஆகிவிடுவீர்கள். 46 முதல் 90 வரை மூன்று. 91 முதல் 120 வரை இரண்டு. அதற்கு மேல் ஒன்றே போதும்.

ஓர் எடுத்துக்காட்டு. கணவர் முதலில் கிளம்புகிறார். மனைவிக்கு வேலையில் இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. பர்மிங்காம் வீடு அப்படியே இருக்கிறது. அவருக்குக் குடும்பம், வீடு, முந்தைய ஆண்டின் 90 நாட்கள் என்று மூன்று பிணைப்புகள் ஏற்கெனவே உண்டு. அவர் ஆண்டில் 46 நாட்கள் வந்து தங்கினாலே, உலகெங்கும் வரும் வருமானத்துக்கு பிரிட்டன் வரி கேட்கும். போய்வந்த தேதிகளை எழுதி வையுங்கள். விமான டிக்கெட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள்.

கிளம்பியதும் வருவாய்த் துறைக்கு பி85 படிவத்தில் தெரிவிக்க வேண்டும். வழக்கமாக வரிக்கணக்கு தாக்கல் செய்பவர்கள் வசிப்பு நிலைக்கான துணைப் பக்கமான எஸ்.ஏ.109-ஐ அந்தக் கணக்கோடு சேர்த்து அனுப்ப வேண்டும். பிரிட்டிஷ் குடிமக்களுக்கு வெளிநாட்டில் வாழ்ந்தாலும் 12,570 பவுண்டு வரை வரிவிலக்கு தொடரும்.

பிரிட்டனில் உள்ள வீட்டை வாடகைக்கு விட்டால், முகவரோ குடியிருப்பவரோ 20 சதவீதத்தைப் பிடித்து வருவாய்த் துறைக்குக் கட்ட வேண்டும். என்.ஆர்.எல்.1 படிவம் போட்டு அனுமதி வாங்கினால் வாடகை முழுதாக வரும். கணக்கை நீங்களே தாக்கல் செய்து வரியைக் கட்டலாம். வெளிநாட்டில் வசித்துக்கொண்டு அந்த வீட்டை விற்றால், லாபமே இல்லாவிட்டாலும் 60 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். இதைத் தெரியாமல் அபராதம் கட்டியவர்கள் நிறைய.

ஓய்வூதியத்துக்கு எந்த நாடு வரி போடும் என்பதை இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் சொல்லும். பொதுவாக அரசு ஓய்வூதியத்துக்கும் தனியார் ஓய்வூதியத்துக்கும் நீங்கள் வசிக்கும் நாடு வரி போடும். முன்னாள் அரசு ஊழியர், காவலர் போன்றவர்களின் பணி ஓய்வூதியத்துக்கு பெரும்பாலும் பிரிட்டன்தான் போடும். இரண்டு நாடும் பிடிக்காமல் இருக்க, புதிய நாட்டு வரி அலுவலகத்தின் சான்றோடு நிவாரணப் படிவம் ஒன்றை பிரிட்டனுக்கு அனுப்ப வேண்டும். அதுவரை தனியார் ஓய்வூதியத்தில் வரி பிடித்தம் நடக்கும். பிறகு திரும்பப் பெறலாம்.

ஐந்தாம் படி: தேதியைத் தேர்ந்தெடுங்கள்

பிரிட்டனில் வரியில்லாதது வேறு நாட்டிலும் வரியில்லாதது என்று நினைப்பது தவறு. தனியார் ஓய்வூதிய நிதியில் கால் பங்கை, 268,275 பவுண்டு வரை, வரியில்லாமல் எடுக்கலாம் என்பது பிரிட்டன் விதி. ஸ்பெயின் வசிப்பாளரான பிறகு எடுத்தால் ஸ்பெயின் அதை வருமானமாகக் கருதி வரி போடும். ஐசா சேமிப்பின் வரிவிலக்கையும் ஸ்பெயின் ஏற்பதில்லை. அங்கே நாட்காட்டி ஆண்டில் 183 நாட்களைக் கடந்தால் அந்த ஆண்டு முழுவதற்கும் வசிப்பாளர். அதனால் அந்தத் தொகையை எடுப்பதும் வீட்டை விற்பதும் வசிப்பாளராகும் ஆண்டுக்கு முன்பே முடிந்திருப்பது நல்லது. வெளிநாட்டுச் சொத்து ஒரு வகையில் 50,000 யூரோவைத் தாண்டினால் மாடல் 720 என்ற அறிவிப்பும் உண்டு.

இந்தியா திரும்புபவர்களுக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. நீண்ட காலம் வெளியில் இருந்தவர்கள் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு, 'வசிப்பாளர், ஆனால் சாதாரண வசிப்பாளர் அல்ல' என்ற நிலையில் இருப்பார்கள். அப்போது வெளிநாட்டு வருமானத்துக்குப் பொதுவாக இந்தியாவில் வரி இல்லை. ஆனால் அந்த வருமானம் நேரடியாக இந்திய வங்கிக் கணக்கில் வந்து விழுந்தால், இந்தியாவில் பெற்ற வருமானமாகி வரிக்குள் வந்துவிடும். ஓய்வூதியத்தை முதலில் பிரிட்டன் கணக்கில் பெற்று, பிறகு இந்தியாவுக்கு மாற்றுங்கள். அந்தக் காலம் முடிந்த பிறகு லண்டன் வங்கிக் கணக்கையும் முதலீடுகளையும் வருமான வரிக் கணக்கில் ஒவ்வோர் ஆண்டும் காட்ட வேண்டும்; மறைத்தால் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம்.

பிரிட்டனின் வாரிசுரிமை வரியும் உடனே விட்டுவிடாது. 2025 ஏப்ரல் முதல், கடந்த இருபது ஆண்டுகளில் பத்து ஆண்டுகள் பிரிட்டனில் வசித்தவருடைய உலகச் சொத்து முழுவதும் அந்த வரியின் எல்லைக்குள் வருகிறது. வெளியேறிய பிறகும், வசித்த காலத்தைப் பொறுத்து, மூன்று முதல் பத்து ஆண்டுகள் வரை அது தொடரும். 2027 ஏப்ரல் முதல் எடுக்காமல் விட்ட தனியார் ஓய்வூதிய நிதியும் அதில் சேர்கிறது. உயில் பழையதாக இருந்தால் இப்போதே எடுத்துப் பாருங்கள்.

ஓய்வூதிய நிதியை மாற்றச் சொல்பவர்கள்

இது படி அல்ல, எச்சரிக்கை. வெளிநாட்டில் குடியேறியவர்களைத் தேடி வந்து, 'உங்கள் ஓய்வூதிய நிதியை வெளிநாட்டுத் திட்டத்துக்கு மாற்றினால் வரியே இல்லை' என்று சொல்லும் ஆலோசகர்கள் ஏராளம். நிபந்தனைகளுக்கு உட்படாத மாற்றத்துக்கு 25 சதவீத வரி உண்டு. ஐரோப்பிய நாடுகளுக்கும் ஜிப்ரால்டருக்கும் இருந்த பரந்த விலக்கு 2024 அக்டோபர் 30-இல் எடுக்கப்பட்டது. ஆலோசகர் பிரிட்டனின் நிதி நடத்தை ஆணையத்தில் பதிவு பெற்றவரா என்று அந்த ஆணையத்தின் பதிவேட்டில் நீங்களே தேடுங்கள். இல்லையென்றால் அவரிடம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வாழ்நாள் சேமிப்பை ஒரே கையெழுத்தில் இழந்தவர்கள் எழுபது வயதில் மீண்டும் சம்பாதிக்க முடியாது.

போய்ச் சேர்ந்த பிறகு, ஒருவேளை திரும்பி வந்தால்

பிரிட்டனின் பொது மருத்துவ சேவை வசிப்பவர்களுக்கானது. எத்தனை ஆண்டுகள் வரி கட்டியிருந்தாலும், குடிபெயர்ந்த பிறகு இலவச மருத்துவமனைச் சிகிச்சைக்குத் தானாக உரிமை இல்லை. அரசு ஓய்வூதியம் பெறுபவர் ஐரோப்பிய ஒன்றிய நாட்டில் குடியேறினால் எஸ்1 படிவம் வாங்கலாம். அங்கே அவருடைய மருத்துவச் செலவை பிரிட்டன் ஏற்கும். இந்தியாவுக்கோ தாய்லாந்துக்கோ அப்படி எதுவும் இல்லை. எழுபது வயதில் புதிதாக மருத்துவக் காப்பீடு எடுப்பது கடினம் என்பதால் இதை அறுபதிலேயே விசாரியுங்கள். பிரிட்டன் வங்கிக் கணக்கை வெளிநாட்டு முகவரியோடு வைத்திருக்க உங்கள் வங்கி அனுமதிக்குமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டில் வசிப்பவர்களின் கணக்கை மூடிவிடும் வங்கிகள் உண்டு.

வெளிநாட்டில் திருமணம் செய்துகொண்டவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. நீங்கள் எப்போது வேண்டுமானாலும் பிரிட்டனுக்குத் திரும்பலாம். வெளிநாட்டுக் குடியுரிமை கொண்ட உங்கள் துணைவருக்கு விசா வேண்டும். 2024 ஏப்ரல் முதல் அதற்கான குறைந்தபட்ச ஆண்டு வருமானம் 29,000 பவுண்டு. அதற்கு ஈடாகப் பெரிய சேமிப்பைக் காட்டவும் வழி உண்டு. முதுமையில் நோய் வந்தால் ஊர் திரும்பிவிடலாம் என்று நம்பியிருக்கும் தம்பதியர் இந்தக் கணக்கை ஆரோக்கியமாக இருக்கும்போதே போட்டுப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, வாக்குரிமை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் வாக்கு இல்லை என்ற விதி 2024 ஜனவரி 16-இல் நீங்கியது. கடைசியாக வாக்காளராகப் பதிவு செய்திருந்த தொகுதியில், பதிவில்லாதவர்கள் கடைசியாக வசித்த தொகுதியில், மீண்டும் பெயர் சேர்க்கலாம். பதிவு மூன்று ஆண்டுகள் வரை செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். உறைந்த ஓய்வூதியத்தை உறைய வைத்ததும் உருக வைக்கக் கூடியதும் நாடாளுமன்றமே. அந்தத் தொகுதியின் உறுப்பினருக்கு, அவருடைய வாக்காளர் என்ற முறையில், அடிலெய்டிலிருந்தும் சென்னையிலிருந்தும் கடிதம் எழுதுங்கள்.